ஐந்தாவது எழுத்தும் ஆறாவது எழுத்தும்

பாகலூரிலிருந்து பேரிகை போகும் சாலையோரத்து ரோஜாத் தோட்டத்தில் ஹமீதுன்னிசா அலுவலக வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. முதல் நாள் தோட்டத்துக்காரர் திம்மராயன் வேலை உத்தரவை நீட்டினார். ஹமீதுன்னிசா அதை வாங்கி மேசைமேல் விரித்து, கைப்பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து, வரிக்கு வரி அதை நகர்த்திக்கொண்டே படித்தார். ஒரே பக்கம்தான். பத்து நிமிடம் ஆனது.

“அண்ணா, என் பேருல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்குது. அதுகூடப் பரவால்ல. வேலைக்குச் சேர்ற தேதி செப்டம்பர் முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்குது. செப்டம்பர் முப்பதோட முடிஞ்சிடும்.”

திம்மராயன் தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். “இந்தத் தாளை இதுக்கு முன்னாடி யாரும் படிச்சதில்லம்மா. வாங்கி மடிச்சு பையில வெச்சுக்குவாங்க,” என்றார். சொன்னது பாராட்டா எரிச்சலா என்று அவருக்கே தெரியவில்லை.

ஹமீதுன்னிசா பிறந்ததிலிருந்தே அப்படி இல்லை. காவேரிப்பட்டினத்து மாங்கூழ் ஆலை ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் அவரும் எல்லோரையும் போல மேலாகக் கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்புகிறவர்தான். அந்த ஆலைக்கு ஆஸ்திரியாவில் ஒரு தரகர் இருந்தார். அவருக்குக் கமிஷன் அனுப்ப வேண்டியிருந்தது. அவர் ஃபேக்ஸில் அனுப்பிய தாளில், வங்கியின் ஸ்விஃப்ட் கோடு இருந்த இடத்தில் மை பரவியிருந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு ஸ்விஃப்ட் கோடுதான் விலாசம். எட்டு எழுத்து இருக்கும், சிலவற்றுக்குப் பதினொன்று. முதல் நான்கும் எந்த வங்கி என்று சொல்லும். ஐந்தாவதும் ஆறாவதும் எந்த நாடு என்று சொல்லும். அந்த ஐந்தாவதும் ஆறாவதும்தான் மைக்குள் மறைந்துபோயிருந்தன. ஆஸ்திரியா என்றால் ஏ.யு. என்றுதானே வரும் என்று ஹமீதுன்னிசா தாமாகவே நிரப்பிவிட்டார். ஆஸ்திரியாவுக்கு ஏ.டி. ஏ.யு. என்றால் ஆஸ்திரேலியா. யாருடைய கெட்ட நேரமோ, அதே வங்கிக்கு அங்கேயும் ஒரு கிளை இருந்தது.

பணம் கடல் தாண்டிப் போய், அங்கே அப்படி ஒரு கணக்கே இல்லை என்று சில நாள் திகைத்து நின்று, முப்பத்தேழாம் நாள் ஊர் திரும்பியது. வழியில் இருந்த வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டதில் ரொம்பவும் இளைத்துப்போயிருந்தது. ஆலை முதலாளி திட்டவில்லை. அதற்குப் பதிலாக, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “இந்தம்மாதான் நம்ம பணத்துக்கு ஆஸ்திரேலியா சுத்திக் காட்டிக் கூட்டினு வந்தவங்க” என்று அறிமுகம் செய்துவைத்தார். இரண்டு வருடம் இப்படியே நடந்தது. லாரி டிரைவர்கள்கூட, “மேடம், அங்க கங்காரு பாத்துச்சா பணம்?” என்று கேட்டார்கள்.

கணவர் கரீம் தன் டயர் கடையை ஓசூருக்கு மாற்றப்போவதாகச் சொன்னபோது, ஹமீதுன்னிசா ஏன் எதற்கு என்று கேட்காமல் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். ஓசூரில் யாருக்கும் ஆஸ்திரேலியா கதை தெரியாது.

ஆனால் பயம் கூடவே வந்தது. ஸ்கேலும் வந்தது. உலகத்து நாடுகளின் இரண்டெழுத்துக் குறிகளை எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். ஸ்விட்சர்லாந்துக்கு எஸ்.டபிள்யூ. கிடையாது, சி.எச்.தான் என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் எத்தனை நாடுகள் இப்படி வேறு பேரில் ஒளிந்துகொண்டிருக்கின்றனவோ என்று கரீமிடம் கேட்டார். கரீம், “நம்மகிட்ட வர்றது எல்லாம் டி.என்., கே.ஏ., ஏ.பி. வண்டிதான். அதுக்கு மேல எனக்கு வேணாம்,” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

சரிபார்க்கும் வியாதி வீட்டுக்கும் பரவியது. கரீமின் தங்கை மகன் கல்யாணப் பத்திரிகை வந்தபோது, அதில் போட்டிருந்த தேதியும் கிழமையும் ஒத்துவரவில்லை என்று அவர் அன்றைக்கே போன் செய்து சொன்னார். அதற்குள் அறுநூறு பத்திரிகை அச்சாகி முந்நூறு கொடுத்தும் ஆகியிருந்தது. அவர் சொன்னது சரிதான். அதனாலேயே அந்த வீட்டில் நாலு மாதம் அவரிடம் யாரும் பேசவில்லை.

தோட்டத்தில் திம்மராயனுக்கு மூன்று மொழி. கோபம் தெலுங்கில் வரும், வியாபாரம் கன்னடத்தில் நடக்கும், தமிழ் மற்ற எல்லாவற்றுக்கும். ரோஜாவில் புது ரகம் போட வேண்டுமென்றால் செடிக்கு நெதர்லாந்துக்குப் பணம் கட்ட வேண்டும். வருடத்தில் ஐந்தாறு முறை அப்படிப் பணம் போகும். ஒவ்வொரு முறையும் ஹமீதுன்னிசா வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தை எடுத்து, ஸ்கேலை வைத்து, ஸ்விஃப்ட் கோடை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படிப்பார். ஐந்தாவது எழுத்தையும் ஆறாவது எழுத்தையும் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார். “அஞ்சு பாத்தாச்சு, ஆறு பாத்தாச்சு” என்று அவர் சொல்லும் சத்தம் பக்கத்துக் கொட்டகையில் பூ தரம் பிரிக்கும் பெண்களுக்குக் கேட்கும். அவர்கள் அவருக்கு அஞ்சாறு அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஒருமுறை திம்மராயன் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப்போனார். கோடின் கடைசியில் மூன்று எக்ஸ் இருந்தது.

“ஏம்மா, இது ரம்மு பாட்டில் மேல போடறதில்ல? பேங்க் லெட்டர்ல எதுக்கு வந்துச்சு?”

“அது தலைமை ஆபீஸ்னு அர்த்தங்கண்ணா. கிளை எதுவும் இல்லன்னா மூணு எக்ஸ் போடுவாங்க.”

“லாவண்யா மேடம் பாத்தா நம்மளப் பத்தி என்னா நினைப்பாங்க?”

லாவண்யா ஓசூர் வங்கிக் கிளையில் வெளிநாட்டுப் பணப் பிரிவைப் பார்க்கும் அதிகாரி. திருநெல்வேலிப் பெண். தினமும் இருபது கடிதத்திலாவது மூன்று எக்ஸைப் பார்க்கிறவர் அவர் என்று எவ்வளவு சொல்லியும் திம்மராயனுக்கு மனம் ஒப்பவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் வங்கிப் பக்கமே போகவில்லை.

இப்படி மூன்று வருடம் ஓடியது. ஒரு தவறும் நேரவில்லை. தவறு நேராத இடத்தில் சரிபார்க்கிறவருக்கு மதிப்பு இருக்காது. திம்மராயன் மெல்ல மெல்ல, “எல்லாம் போன தடவ அனுப்பினதுதானம்மா, அப்படியே காப்பி பண்ணி அனுப்பு,” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்த நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நெதர்லாந்து நாற்றுப்பண்ணையிலிருந்து மெயில் வந்தது. அங்கே இவர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர் ஹென்க் என்பவர். புது மஞ்சள் ரகத்துக்குப் பதினெட்டாயிரம் யூரோ அனுப்ப வேண்டியிருந்தது, பதினாறு லட்ச ரூபாய்க்கு மேல் வரும். மெயிலில் இருந்த விஷயம் இதுதான்: எங்கள் வழக்கமான கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை மட்டும் கீழே கொடுத்திருக்கும் கணக்குக்கு அனுப்புங்கள், இன்று மாலைக்குள் வராவிட்டால் செடிகளை வேறு நாட்டுக்காரருக்குக் கொடுக்கும்படி ஆகிவிடும். கடைசி வரியில், உங்கள் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது, கவனமாக இருங்கள் என்று எழுதியிருந்தது.

திம்மராயன் அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. போன மாதம் அவர் நெதர்லாந்தில் ஒரு பூக்கண்காட்சிக்குப் போவதாக இருந்தது. விசாகூட வந்துவிட்டது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, சொட்டுநீர்க் குழாயில் கால் தடுக்கி விழுந்து முட்டி வீங்கிவிட்டது. வர முடியவில்லை என்று எழுதும்போது, விழுந்த விதம், எக்ஸ்ரேயில் தெரிந்தது, மாலூர் வைத்தியர் கட்டிய கட்டு எல்லாவற்றையும் ஹமீதுன்னிசாவிடம் சொல்லி இரண்டு பக்கத்துக்கு எழுதவைத்தார். அதற்கு ஹென்க் அனுப்பிய பதில் ஒரே ஒரு வார்த்தை: குறித்துக்கொண்டேன். அது திம்மராயனை ரொம்பவும் வருத்தியிருந்தது.

“இப்பவாவது கேக்கணும்னு தோணிச்சே,” என்றார். “நல்ல மனுசன்தான். அனுப்பிடும்மா.”

ஹமீதுன்னிசா ஸ்கேலை எடுத்தார். கோடின் முதல் நாலெழுத்தும் புதிது. வங்கி மாறினால் அது மாறும்தான். ஐந்தாவது பி. ஆறாவது எல். நீள நோட்டைப் புரட்டினார்.

“அண்ணா, நெதர்லாந்துக்கு என்.எல். இது பி.எல். போலந்து.”

“எல்லு இருக்குது இல்ல?”

“எல்லு இருக்குது. என்னு இல்ல.”

“ஒரு எழுத்துதானேம்மா. நம்ம ஆளுங்க அத்திப்பள்ளியில அக்கவுண்ட் வெச்சிக்கிறதில்ல? ஓசூர்ல இருந்துக்கினு கர்நாடகாவுல பேங்க். அது மாதிரி அவனுக்கும் பார்டர்ல இருக்கும்.”

“நெதர்லாந்துக்கும் போலந்துக்கும் நடுவுல ஜெர்மனி இருக்குதுங்கண்ணா.”

திம்மராயன் தெலுங்குக்கு மாறினார். ஹமீதுன்னிசா காத்திருந்தார். அவர் தமிழுக்குத் திரும்பியபோது, “சரி, சந்தேகம்னா மெயில் போட்டுக் கேட்டுடு,” என்றார்.

“சந்தேகமே அந்த மெயில் மேலதான். அதுகிட்டயே நீ நெஜமான்னு கேட்டா என்னா சொல்லும்?”

அதை அவர் காதில் வாங்கவில்லை. தானே இரண்டு விரலால் தட்டிக் கேள்வி அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. எல்லாம் சரிதான், தயவுசெய்து விரைந்து அனுப்புங்கள், முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

“பாத்தியாம்மா? ஒத்தடம் குடுக்கச் சொல்றான். திருடன் எவனாவது ஒத்தடம் குடுக்கச் சொல்லுவானா?”

ஹமீதுன்னிசா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அண்ணா, இப்ப அங்க காலையில ஆறரை மணி. ஒம்போது மணிக்குத்தான் ஆபீஸ் தொறப்பாங்க. ஆறரைக்கு ரெண்டு நிமிசத்துல பதில் போடறதுன்னா, போன தடவ ஒரு வார்த்தை எழுத மூணு நாள் எடுத்துக்கிட்டாரே, அவருதானா?”

இது திம்மராயனுக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனால் செடி போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வங்கியில் வெளிநாட்டுப் பணம் அனுப்ப மூன்று மணிதான் கடைசி. அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே ஒன்றரை. ஒன்றரை வரை பார்ப்போம், அதற்குமேல் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையும் ஹமீதுன்னிசாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெயிலின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணை ஹமீதுன்னிசா தொடவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய பில்லைக் கோப்பிலிருந்து எடுத்து, அதில் அச்சாகியிருந்த எண்ணை ஸ்கேல் வைத்துப் படித்து எழுதிக்கொண்டார். பொறுமை இழந்த திம்மராயன் பன்னிரண்டரைக்கே அந்த எண்ணைத் தன் போனில் அடித்தார். ஒரு பெண் குரல் பேசியது. திம்மராயன் எழுந்து நின்று, “நமஸ்காரம் மேடம், நான் இண்டியா, ரோஸ்,” என்று ஆரம்பித்து, ஹென்க் ஐயா நலமா என்று விசாரித்து, போலந்து விஷயத்தைத் தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் விளக்கினார். அந்தப் பெண் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில் ஒரு பீப் சத்தம் வந்தது.

“ரொம்ப மரியாதையான பொண்ணு,” என்றார் உட்கார்ந்துகொண்டே. “முழுசாக் கேட்டுக்கிச்சு.”

அது பதிவு செய்து வைத்த குரல் என்று ஹமீதுன்னிசா சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு சண்டைகள் இருந்தன.

ஒன்றரை மணிக்கு அவர் அழைத்தார். இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை. ஒன்று நாற்பதுக்கு ஒரு ஆண் குரல், “ஹென்க்,” என்றது. ஹமீதுன்னிசாவின் ஆங்கிலம் முழுக்கக் கடிதத்தில் கற்றது. பேச வேண்டி வந்தாலும் கடிதமாகத்தான் வரும். “மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி விஷயம் தொடர்பாக,” என்று ஆரம்பித்தார். மறுமுனையில் எந்த விஷயம் என்று கேட்டது. தாங்கள் இன்று அனுப்பிய மெயில் என்றார். நான் இன்று ஒன்றும் அனுப்பவில்லை, இப்போதுதான் உள்ளே வந்து மேல்கோட்டைக் கழற்றுகிறேன் என்றது குரல்.

தங்கள் வங்கி மாறிவிட்டதா என்று கேட்டார். மாறவில்லை, இருபது வருடமாக அதே வங்கிதான். போலந்தில் கணக்கு உண்டா? போலந்துக்கு நான் போனதே இல்லை.

ஹமீதுன்னிசா அதோடு விடவில்லை. வந்தது வந்தாயிற்று, பழைய ஸ்விஃப்ட் கோடையும் ஒருமுறை சரிபார்த்துவிடுவோம் என்று முடிவுசெய்தார்.

“கே ஃபார் கிருஷ்ணகிரி. டபிள்யூ ஃபார் வாட்டர் டேங்க். ஈ ஃபார் ஈரோடு. எல் ஃபார் லாரி. என் ஃபார் நல்லூர். மறுபடியும் லாரி. அப்புறம் ரெண்டு, அது இசட் இல்லை, நம்பர். டி ஃபார் டெங்கணிக்கோட்டை. கடைசியில் மூணு எக்ஸ்.”

ஹென்க் மெதுவாக, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். கிருஷ்ணகிரியில் ஒருமுறை தடுக்கினார். டெங்கணிக்கோட்டையில் மூன்று முறை. ஹமீதுன்னிசா திருத்தினார். நான்காவது முறை சரியாக வந்தபோது ஹென்க்கின் குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

போனை வைத்ததும் ஹமீதுன்னிசா நாற்காலியில் சாய்ந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தார். திம்மராயன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு அனுப்பலைங்கண்ணா. யாரோ திருடன்.”

திம்மராயனின் முகம் தொங்கிப்போனது. பதினாறு லட்சத்தை நினைத்துக் கலங்குகிறார் என்றுதான் ஹமீதுன்னிசா எண்ணினார். அதற்காக ஆறுதல் சொல்ல வாயெடுக்கும்போது அவர் கேட்டார்:

“அப்ப முட்டியப் பத்திக் கேட்டது?”

“அதுவும் திருடன்தான்.”

“ஹென்க் இப்ப போன்ல கேட்டாரா?”

“இல்லைங்கண்ணா.”

“இவ்ளோ நேரம் பேசினியே. ஒரு வார்த்தை கேக்கலையா?”

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பணம் பழைய கணக்குக்கே போனது. மறுநாள் வங்கிக்குப் போனபோது லாவண்யா இருவரையும் உட்காரவைத்து, அந்த மெயிலின் அச்சுத்தாளை முழுக்கப் படித்தார்.

“யக்கா, யாரோ உங்க மெயிலுக்குள்ள பூந்து எல்லாத்தையும் படிச்சிருக்கான். இல்லைன்னா முட்டி வலி அவனுக்கு எப்படித் தெரியும்? பாஸ்வேர்டு என்ன வச்சிருந்தீய?”

திம்மராயன் பெருமையோடு சொன்னார். தோட்டத்துப் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும். மறந்துபோகாமல் இருக்க அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தார்கள். லாவண்யா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தாளின் மேல் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இதைப் பாருங்கக்கா. அனுப்பினவன் முகவரியிலயே ஒரு எழுத்து கூட இருக்கு. ரெண்டு ‘ஈ’ இருக்க வேண்டிய இடத்துல மூணு. நீங்க பாக்கலியா?”

ஹமீதுன்னிசா பார்க்கவில்லை. உலகத்து நாடுகளின் எழுத்தெல்லாம் தெரிந்தவர், கண்ணுக்கு எதிரே இருந்த ஒரு ‘ஈ’யை விட்டுவிட்டார். தோட்டத்தில் எல்லோரும் அவரைக் கொண்டாடிய அந்த வாரம் முழுக்க அவர் முகம் வாடியிருந்தது. பதினாறு லட்சத்தைக் காப்பாற்றிவிட்டு எதற்கு இப்படி இருக்கிறாய் என்று கரீம் கேட்டதற்கு, “ஸ்கேலை மேல இருந்து வெச்சிருக்கணும்ங்க. நான் நடுவுல இருந்து வெச்சிட்டேன்,” என்றார்.

திருடன் அத்தனை சீக்கிரம் விடவில்லை. மேலும் மூன்று நாள் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தான். பணம் என்ன ஆயிற்று, முட்டி என்ன ஆயிற்று என்று மாற்றி மாற்றிக் கேட்டான். பாஸ்வேர்டை மாற்றி, போலீஸில் புகார் எண் வாங்கி, அவனுக்கு யாரும் பதில் போடக்கூடாது என்று ஹமீதுன்னிசா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் மூன்றாம் நாள் மத்தியானம், தோட்டத்திலிருந்து போன மெயில்களை அவர் பார்த்தபோது, அதில் திம்மராயன் இரண்டு விரலால் தட்டிய ஒரு வரி இருந்தது. வீக்கம் வற்றிவிட்டது, படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது.

“அண்ணா, அவன் திருடன்.”

“திருடன்னா என்னாம்மா? கேட்டான் இல்ல, சொல்லணும்.”

செடிகள் மார்கழி மத்தியில் வந்து சேர்ந்தன. மாசி மாதம் ஹென்க் நேரிலேயே வந்தார். இந்தியாவில் செடி வாங்கிய தோட்டங்களையெல்லாம் பார்க்கும் பயணம். ஆறரை அடி உயரம். பசுமைக்குடில் வாசலில் குனிந்துதான் நுழைந்தார். திம்மராயன் அவருக்கு முன்னால் நடந்து வழிகாட்டினார். இரண்டு மாதமாகச் சரியாக நடந்துகொண்டிருந்தவர், அன்றைக்கு மட்டும் காலை இழுத்து இழுத்து நடந்தார். ஹென்க் இலைகளைத் திருப்பிப் பார்த்தபடி வந்தார், காலைப் பார்க்கவில்லை. ஏழாவது வரிசையில் செம்பேன் பூச்சி விழுந்திருந்ததைக் கண்டுபிடித்துக் கோபித்தார். திம்மராயன் தெலுங்கில் பதில் சொன்னார். இருவரும் மொழியே பொருந்தாமல் அரை மணி நேரம் மருந்தடிப்பதைப் பற்றிச் சண்டை போட்டு, முடிவில் ஒரே மருந்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு ஹென்க் அலுவலகத்துக்கு வந்து, போனில் பேசிய அம்மா யார் என்று கேட்டார். ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டி, ஹமீதுன்னிசாவின் பெயரைச் சொல்ல முயன்று தோற்று, “டெங்கணிக்கோட்டை,” என்று தெளிவாகச் சொல்லிக் கை கூப்பினார். பூ பிரிக்கும் பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள்.

ஹமீதுன்னிசாவும் கை கூப்பினார். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, அவருடைய விசிட்டிங் கார்டைக் கேட்டு வாங்கினார். கோப்பைத் திறந்து, கார்டில் இருந்த எண்ணைப் பழைய பில்லோடு வைத்து, இந்த முறை மேலேயிருந்து கீழ்வரை படித்தார். ஹென்க் நின்றுகொண்டே இருந்தார். திம்மராயன், “உட்காரச் சொல்லும்மா மனுசன,” என்றார்.

“ஒரு நிமிசம்ங்கண்ணா,” என்றார் ஹமீதுன்னிசா. கடைசி எண்ணில் விரலை வைத்து முடித்தபின் நிமிர்ந்து, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, டீ சொல்லப் போனார்.